ஒரே பெயரில் இரண்டு விண்டோக்கள்

இன்று காலை கணினி திருத்துகிறவர் வந்திருந்தார். இரண்டு நாளாக மெஷின் இழுத்து இழுத்துத்தான் வேலை செய்தது. அவர் கதிரையை முன்னுக்கு இழுத்து உட்கார்ந்து, திரையின் அடிப்பட்டையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"மிஸ், பதினேழு விண்டோ தொறந்து கெடக்கு. இப்பிடி வச்சா கம்பியூட்டர் எப்பிடி ஓடும்? எல்லாத்தையும் மூடட்டா?"

"வாணாம்" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது. அவர் திரும்பிப் பார்த்தார். பிறகு நானே உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திறந்து, சேமித்து, மூடிக் கொடுத்தேன். அவர் போட்டோகொப்பி மெஷினில் சாய்ந்துகொண்டு பிளேன்ரீ குடித்தார்.

பதினேழு விண்டோவைத் திறந்து வைத்திருக்கிற ஆளாக நான் எப்போது மாறினேன் என்று தெரியவில்லை. அது உன்னுடைய பழக்கம். நான் வேலை முடிந்த உடனே மூடுகிறவள், சில நேரம் முடியாமலே மூடிவிடுகிறவள். நீ மௌத்தாகி, இந்த உலகத்தை விட்டுப் போய் இரண்டு வருடம் ஆகிறது. கணினி திருத்துகிறவர் போன பிறகு, காலியான அந்தத் திரையில் முதலாவதாகத் திறந்தது இந்தக் கடிதத்தைத்தான்.

'சேர்' என்று நாம் கூப்பிட்ட முதலாளியிடம் இருவரும் வேலைக்குச் சேர்ந்தது ஒரே மாதத்தில். சேர் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர். புத்தளத்தில் கோர்ட்டுக்குப் போகிற தெருவில் அவருடைய அலுவலகம் இருந்தது. பிறப்புச் சான்றிதழ், விவாகச் சான்றிதழ், காணி உறுதி என்று எது வந்தாலும் சிங்களத்திலிருந்து தமிழுக்கோ ஆங்கிலத்துக்கோ நாம் மாற்றி அடிப்போம், அவர் கையெழுத்து வைத்து முத்திரை குத்துவார். நீ சிலாபத்தில் வளர்ந்தவள். சிங்களம் உன் வாயில் தானாக வரும். எங்கள் குடும்பம் தொண்ணூறில் மன்னாரிலிருந்து வந்தது. எனக்குச் சிங்களம் எழுத்துக் கூட்டிப் படித்து வந்த மொழி. ஆங்கிலம் இருவருக்கும் ஒரே அளவுதான். அலுவலகத்தில் இரண்டு கதிரையும் ஒரு கணினியும் இருந்தன.

உன் வேலை முறை எனக்கு முதலில் பிடிக்கவில்லை. ஒரு ஆள் வந்து பாதி விவரம் சொல்லிவிட்டு மீதியைக் கொண்டுவர வீட்டுக்குப் போவார். நீ அவருடைய விண்டோவை மூடமாட்டாய், கீழே இறக்கிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவாய். பத்து மணிக்குள் அடிப்பட்டையில் இடம் இருக்காது. பெரிய விசைப்பலகையை மடிக்குக் கிட்டவாக இழுத்து வைத்து, இடது பெருவிரலால் ஆல்ட்டை அமுக்கிப் பிடித்துக்கொண்டு நடுவிரலால் டேப்பைத் தட்டுவாய். விண்டோக்கள் சீட்டுக்கட்டுப் போல நகரும். வேண்டிய ஆள் வந்ததும் விரலை எடுப்பாய். எத்தனை தட்டில் யார் வருவார் என்பது உனக்கு எண்ணாமலே தெரிந்திருந்தது. சிங்களப் பிரதியைத் திரையின் இடது பாதியிலும் மொழிபெயர்ப்பை வலது பாதியிலும் ஒட்டி வைத்து வேலை செய்யலாம் என்று கண்டுபிடித்ததும் நீதான். அதற்கு முன் நான் பிரதியைப் பார்த்து மனதில் வைத்துக்கொண்டு, மற்ற விண்டோவுக்குப் போய் அடித்து, மறந்து, திரும்பி வருவேன்.

"இதெல்லாத்தையும் மூடிட்டு ஒண்டொண்டாச் செஞ்சா என்ன?" என்று ஒருநாள் கேட்டேன்.

"உள்ளுக்கு ஆக்கள் இரிக்காங்க புள்ள" என்றாய்.

அதை நான் கவனத்தில் எடுக்கவில்லை. அடுத்த கிழமை நீ லுஹர் தொழப் போன நேரம், கணினி மெதுவாக ஓடுகிறது என்று உன் விண்டோக்களை மூடினேன். சேமிக்கவா என்று கேட்ட ஒன்றுக்கு இல்லை என்று அமுக்கிவிட்டேன். அது மாம்புரி மீனவர் ஒருவருடைய முறைப்பாடு. அவர் காலை முழுவதும் உன் பக்கத்தில் இருந்து சொல்லச் சொல்ல நீ அடித்தது. நீ என்னை ஏசவில்லை. அவருக்கு ஆள் அனுப்பினாய். அடுத்த நாள் அவர் திரும்ப வந்து முதலிலிருந்து சொன்னார். அடித்து முடித்ததும் நீ என்னிடம் வந்து, "நேத்தவிட இண்டைக்கு மனிசனுக்குக் கோபம் கொறைஞ்சிட்டு. கடிதம் நல்லா வந்திரிக்கு" என்று சொல்லிவிட்டுப் போனாய். அதற்குப் பிறகு நான் உன் விண்டோக்களைத் தொடவில்லை. அவற்றை மூடாமலே, அவற்றுக்கு நடுவில் என் வேலையைச் செய்யப் பழகினேன். நன்றாகப் பழகிவிட்டதாக நினைத்தேன்.

ஒரே நாளில் இரண்டு ரிஸ்னாக்கள் வந்தார்கள். இரண்டு பேருக்கும் முழுப்பெயர் பாத்திமா ரிஸ்னா. ஒருத்தி கல்பிட்டி, கட்டாரில் இருந்த மாப்பிள்ளையிடம் போக இருந்தவள். மற்றவள் வண்ணாத்திவில்லு. அவளுக்கு வெளிநாட்டு ஆஸ்பத்திரி ஒன்றில் தாதிமாருக்கு உதவியாளாக வேலை கிடைத்திருந்தது. கொழும்பில் இருந்த ஏஜென்சி பிறப்புச் சான்றிதழின் ஆங்கில மொழிபெயர்ப்பைக் கேட்டிருந்தது. இருவரையும் நீதான் திறந்தாய். சிங்களப் பிரதி இரண்டு, ஆங்கிலம் இரண்டு, ஆக மொத்தம் நான்கு விண்டோ. பெயரின் கடைசியில் ஊரைப் போட்டுச் சேமித்திருந்தாய். ஆனால் அன்றைக்கு அடிப்பட்டை நிறைந்திருந்தபடியால் ஒவ்வொரு விண்டோவுக்கும் பெயரில் பாதிதான் தெரிந்தது. நான்கிலும் 'பாத்திமா ரி' என்பதோடு எழுத்து வெட்டுப்பட்டிருந்தது.

நீ லுஹர் தொழப் போனாய். வண்ணாத்திவில்லு ரிஸ்னா வாசலோர வாங்கில் உட்கார்ந்திருந்தாள், ஒன்றரை மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்றாள். "கெதியா முடிச்சுக் குடுங்க" என்று சேர் உள்ளே இருந்து சொன்னார். நான் உன் கதிரையில் உட்கார்ந்தேன். பிறந்த திகதியும் இடமும் நீ அடித்திருந்தாய். தகப்பன் பெயரும் தாய் பெயரும் மீதி. ஆல்ட்டைப் பிடித்து டேப்பைத் தட்டினேன். ஒரு தட்டுக் கூடிவிட்டது. கல்பிட்டி ரிஸ்னாவின் சிங்களப் பிரதியில் தகப்பன் பெயரைப் படித்து, வண்ணாத்திவில்லு ரிஸ்னாவின் ஆங்கிலத் தாளில் அடித்தேன். தாய் பெயருக்குத் திரும்பப் போகும்போது சரியான பிரதி வந்தது. அதனால் எனக்குச் சந்தேகம் வரவில்லை. பிரின்ட் எடுத்தேன். சேர் படித்துப் பார்க்காமல் முத்திரை குத்தினார். அவள் பஸ்ஸைப் பிடித்துவிட்டாள்.

மூன்று கிழமைக்குப் பிறகு அவள் கோப்போடு வந்து நின்றாள். அழவில்லை. தாளை மேசையில் வைத்து, "வாப்பாட பேரு சிங்களப் பேப்பர்ல ஒண்டு, இதுல ஒண்டு. கள்ளப் பேப்பர் எண்டு சொல்லிட்டாங்க. என்னோட எடுத்த ஆக்கள் எல்லாம் போய்ட்டாங்க" என்றாள். அந்த வேலைக்கு வயதெல்லை இருந்தது. அவளுக்கு அது முடிய ஐந்து மாதம்தான் இருந்தது.

சேர் வெளியே வந்தார். "யாரு அடிச்சது?"

நான் போட்டோகொப்பி மெஷினுக்குப் பக்கத்தில் நின்றேன். நீ அந்தக் கோப்பைத் திறந்து பார்த்தாய். ஒரு நிமிடம் இருக்கும். பிறகு, "என்ட ஃபைல் சேர்" என்றாய்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. அது மாரி காலம். உப்பளத்தில் வேலை நின்று என் புருஷன் வீட்டில் இருந்தார். அதை ஒரு காரணமாக இங்கே எழுதுகிறேன். அந்த நேரத்தில் அதை நான் நினைத்தேனா என்று இப்போது நிச்சயமாகச் சொல்ல முடியாது. வாய் திறக்கவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

சேர் சரியான மொழிபெயர்ப்பு ஒன்றை உடனே அடித்துக் கொடுக்கச் சொன்னார். நீ அதோடு ஒரு கடிதமும் வேண்டும் என்றாய். ஒரே முத்திரையோடு, இரண்டு தகப்பன் பெயரோடு இரண்டு தாள் போனால் அவளைத்தான் கள்ளி என்பார்கள், பிழை எங்களுடையது என்று எழுதிக் கொடுக்க வேண்டும் என்றாய். சேர் மறுத்தார்.

"நான் பிழை விட்டன் எண்டு எழுதிக் குடுத்தா, நாளைக்கு என்ட முத்திரைய யாரு நம்புவான்?"

"அப்ப இந்தப் புள்ளய யாரு நம்புவான் சேர்?"

அவர் உள்ளே போய்விட்டார். நீ அலுவலகத் தலைப்புத் தாளில் நீயே எழுதினாய். தகப்பன் பெயர் மாறியது இந்த அலுவலகத்தில் நடந்த தட்டச்சுப் பிழை, விண்ணப்பதாரிக்கு இதில் பொறுப்பு இல்லை என்று நான்கு வரி. கீழே உன் பெயர், உன் கையெழுத்து, உன் அடையாள அட்டை இலக்கம். சேருடைய முத்திரையைத் தொடவில்லை.

"நாளைக்குப் பின்னேரம் வண்ணாத்திவில்லுக்குப் போவம், நீயும் வா" என்றாய். எதற்கு என்னைக் கூப்பிடுகிறாய் என்று நான் கேட்கவில்லை.

பஸ்ஸில் ஜன்னல் பக்கம் நீ இருந்தாய். ஒரு மணித்தியாலப் பயணம். முந்திரித் தோட்டங்கள் தொடங்கியதும் காற்றில் புழுதி ஏறியது, நீ ஜன்னலைச் சாத்தினாய். உன் மகளின் பரீட்சை, உன் உம்மாவின் முழங்கால், இரண்டையும் பற்றிக் கதைத்தோம். இடையில் நீண்ட நேரம் பேசாமல் இருந்தாய்.

ரிஸ்னாவின் உம்மா முற்றத்தில் மிளகாய் காயவைத்துக்கொண்டிருந்தா. எங்களைக் கண்டதும் எழும்பவில்லை.

"எந்தக் கை விட்ட பிழை இது? உங்கட கையா, இவட கையா?" என்று உன்னைப் பார்த்துக் கேட்டா.

"எங்கட கையால நடந்தது உம்மா" என்றாய்.

ரிஸ்னா கடிதத்தை இரண்டு தரம் படித்தாள். யாருடைய வாப்பாவின் பெயர் மாறி வந்தது என்று நீ சொன்னாய். பிறகு அவள் கேட்டது ஒன்றுதான். "மத்த ரிஸ்னா போய்ட்டாவா?"

"ஓம். அவட பேப்பர் சரியா இரிந்திச்சு" என்றாய்.

"அப்ப நல்லம்" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி வைக்க உள்ளே போனாள். அவளுடைய உம்மா மிளகாயைப் புரட்டத் தொடங்கினா. அந்தத் தேத்தண்ணியைக் குடித்து முடிக்க எனக்கு நிறைய நேரம் எடுத்தது.

அடுத்த நாள் நீ லீவு போட்டுவிட்டு அவளோடு கொழும்புக்குப் போனாய். ஏஜென்சியில் இருந்தவர் கடிதத்தைப் படித்து, உன்னை நேரில் பார்த்து, அடுத்த தொகுதியில் அவளைச் சேர்ப்பதாகச் சொன்னார். வயதெல்லை முடிய மூன்று கிழமை இருக்கும்போது அவள் விமானம் ஏறினாள். ஆனால் ஏஜென்சிக்காரர் விஷயத்தை உறுதிப்படுத்த சேருக்குத் தொலைபேசி எடுத்துவிட்டார்.

சேர் உன்னைச் சத்தம் போட்டு ஏசவில்லை. "நாளையில இரிந்து வர வாணாம்" என்று மட்டும் சொன்னார். நீ உன் கைப்பையையும் தண்ணீர்ப் போத்தலையும் எடுத்தாய். வாசலில் செருப்பைப் போடும்போது என்னைப் பார்த்தாய். நான் எழுந்து நின்றேன். அவ்வளவுதான் செய்தேன்.

நீ போன பிறகு சேர், "அவட விண்டோ எல்லாத்தையும் மூடிடுங்க" என்றார். ஒன்பது இருந்தன. எலுவன்குளத்துக் காணி உறுதி ஒன்று, ஒரு மரணச் சான்றிதழ், இரண்டு விவாகம், மற்றவை நினைவில் இல்லை. ஒவ்வொன்றையும் மேலே கொண்டுவந்து, பெயரைப் படித்து, சேமித்து மூடினேன். அரை மணித்தியாலம் எடுத்தது. கடைசியில் நீல நிறத் திரை மட்டும் இருந்தது. அதற்கு முன் அந்தத் திரையை நான் வெறுமையாகப் பார்த்ததே இல்லை.

நீ உன் வீட்டு முன்னறையில் பழைய கணினி ஒன்றை வைத்து மனு எழுதிக் கொடுக்கத் தொடங்கினாய். ஆட்கள் உன்னைத் தேடி வந்தார்கள். பெருநாளுக்கு நான் வருவேன், நீ வட்டிலப்பம் தருவாய். ஒருநாளாவது நீ முகம் சுளித்ததில்லை. ஆனால் நாம் இருவரும் பேசிக்கொள்ளும் விஷயங்கள் வருடத்துக்கு வருடம் குறைந்தன. நான் பரீட்சை எழுதிச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் ஆனேன். சேர் வயது போய் விலகியதும் அந்த இடத்தை நான் எடுத்துக்கொண்டேன். உன்னைத் திரும்பக் கூப்பிட வேண்டும் என்று பல தரம் நினைத்தேன். கூப்பிட்டால் அதைப் பற்றிக் கதைக்க வேண்டிவரும் என்பதால் கூப்பிடவில்லை.

பிறகு உனக்குச் சிறுநீரகம் பழுதாகி, கிழமைக்கு இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்திகரிக்கப் போக வேண்டி வந்தது. உன் மகளுக்கு வேலை இருந்த நாட்களில் நான் கூட வந்தேன். ஒரு நாள் காலை, ஊசி ஏற்றிய கையை நீட்டிக்கொண்டு நீ படுத்திருந்தாய். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. பதின்மூன்று வருடத்துக்குப் பிறகு சொன்னேன்.

"அந்த ரிஸ்னாட வாப்பாட பேரு. அது நான் அடிச்சது."

"தெரியும்" என்றாய்.

"எப்ப தெரியும்?"

"அண்டைக்கே. அந்தப் பேருல முஹம்மது இரிந்திச்சு. நீ அதுக்கு இங்கிலீசுல நடுவுல ரெண்டு எம் போடுவ. நான் ஒண்டுதான் போடுவன். ஃபைலத் தொறந்த ஒடனே தெரிஞ்சிட்டு."

நீ தண்ணீர் கேட்டாய், ஒரு மிடறுதான் குடிக்கலாம். குடித்துவிட்டுச் சொன்னாய், ஏதோ நடந்த பயணத்தின் விவரம் சொல்வது போல.

"பஸ்ஸுல சொல்லுவ எண்டு நினைச்சன். அதுக்குத்தான் உன்னக் கூட்டிக்கொண்டு போனன். அந்த உம்மா கேட்டப்ப சொல்லுவ எண்டு நினைச்சன். நான் செருப்புப் போடக்குள்ள சொல்லுவ எண்டு நினைச்சன். அதுக்குப் பொறவு நினைக்கிறத விட்டுட்டன்."

"கோபமா இரிந்திச்சா?"

"கொஞ்ச நாள் இரிந்திச்சு. பொறவு வேல கூடிட்டு." பிறகு, "தொறந்து வச்சிட்டுப் போனது நான்தானே. அதுவும் உண்மதான்" என்றாய்.

மன்னித்துவிட்டேன் என்று நீ சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. அன்று வீட்டுக்குத் திரும்பும்போது முச்சக்கரவண்டியில் என் தோளில் சாய்ந்து தூங்கினாய். நான்கு மாதத்துக்குப் பிறகு உன் ஜனாஸாவை எடுத்துக்கொண்டு ஆண்கள் தெருமுனை திரும்பும்வரை வாசலில் பெண்களோடு நின்றேன். உன் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு எதுவும் தெரியாது.

நீ போன பிறகு நான் இரண்டு பேரிடம் அதைச் சொன்னேன். முதலில் சேர். அவருக்கு எண்பது தாண்டிவிட்டது. நான் சொல்லி முடித்ததும், "எந்த ரிஸ்னா?" என்று கேட்டார். திரும்பவும் சொன்னேன். அவர் தலையாட்டினார், ஆனால் நினைவு வரவில்லை என்று தெரிந்தது. உன் பெயரைச் சொன்னபோது மட்டும், "கெட்டிக்காரப் புள்ள. ஏன் வேலைய விட்டு நிண்டவ?" என்றார். ஏன் நின்றாள் என்று இப்போதுதானே சொன்னேன் சேர் என்று நான் சொல்லவில்லை. அவருடைய மருமகள் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தா.

மற்றது வண்ணாத்திவில்லு ரிஸ்னா. போன மாதம் லீவில் வந்தவள் என் அலுவலகத்துக்கு வந்தாள், மகனின் பிறப்புச் சான்றிதழை மொழிபெயர்க்க. எனக்கு அடையாளம் தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்தது. உன்னைக் கேட்டாள். மௌத்தாகிவிட்டா என்றேன். கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டு துஆ கேட்டாள். அதற்குப் பிறகு நான் சொன்னேன், பஸ், உம்மா கேட்ட கேள்வி, எல்லாம்.

"அந்த ராத்தா கொழும்பு போற வழியெல்லாம் என்னோட கதைச்சிக்கொண்டு வந்தா. உங்களப் பத்தி ஒரு சொல்லும் சொல்லல்ல" என்றாள். பிறகு கதிரையை என் மேசைக்குக் கிட்டவாக இழுத்துப் போட்டாள். "சரி, இப்ப என்ட மகன்ட பேப்பர அடிங்க. நான் பாத்துக்கொண்டு இரிக்கன்."

அடித்தேன். அவள் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. தகப்பன் பெயர் வந்ததும், "ஒருக்கா வாசிங்க" என்றாள். எழுத்து எழுத்தாக வாசித்தேன். "இன்னொருக்கா" என்றாள். வாசித்தேன்.

தாள் வெளியே வந்ததும் அவள் அதை மேலிருந்து கீழ்வரை படித்தாள். கடைசியில் முத்திரைக்குக் கீழே இருந்த சிறிய வரியில் விரலை வைத்தாள். தட்டச்சு செய்தவர் என்று போட்டு என் முழுப்பெயரும் இருக்கும். சட்டம் அப்படி ஒன்றைக் கேட்பதில்லை. உன் ஜனாஸா முடிந்த கிழமையிலிருந்து என் அலுவலகத்தை விட்டுப் போகிற எல்லாத் தாளிலும் நான் அதைச் சேர்க்கிறேன். வேலை செய்கிற மற்றப் பெண் அடித்தால் அவளுடைய பெயர், நான் அடித்தால் என்னுடைய பெயர்.

"இது என்னத்துக்கு?" என்று கேட்டாள் ரிஸ்னா.

"பிழை இரிந்தா யாருட்ட வாறதெண்டு தெரியோணுமே" என்றேன்.

அவள் அந்தப் பெயரை ஒருமுறை வாய்விட்டுப் படித்தாள். பிறகு தாளை மடிக்காமல், கோப்புக்குள் வைத்துக்கொண்டு எழுந்தாள்.